பாத்துட்டு சொல்லு

சானடோரியம் ஸ்டேஷன்தான் எங்கள் வீட்டுக்குப் பக்கம். ஆனாலும் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரத்துக்குப் போய்த்தான் மின்சார வண்டியில் ஏறுவேன். அங்கே ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும். நுங்கம்பாக்கத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டால், வீட்டு வைஃபையில் இறக்கி வைத்திருந்த எபிசோடு ஒன்று ஆபீஸ் போவதற்குள் முடிந்துவிடும். வீட்டில் டிவி என் கைக்கு வராது. கணவருக்குக் கிரிக்கெட், அது இல்லாத நாளில் பழைய கிரிக்கெட். மகன் காட்டாங்குளத்தூரில் கல்லூரி முடித்துவிட்டு வந்தால் அவன் அறை, அவன் போன். நான் பார்ப்பதைப் பற்றி யாரும் கேட்டதில்லை; கேட்க வேண்டிய விஷயம் என்று எனக்கும் தோன்றியதில்லை.

டீச்சர் குரோம்பேட்டையில் ஏறுவார். முதல் நாள் அவர் டீச்சர் என்று எனக்குத் தெரியாது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, மடியில் துணிப்பை. ஐம்பதைத் தாண்டியவர். என் பக்கத்தில் உட்கார்ந்து, திரிசூலம் தாண்டும்போது என் முழங்கையைத் தொட்டார். நான் இயர்போனைக் கழற்றினேன்.

"அந்த டாக்டரை நம்பாதீங்க" என்றார்.

"எந்த டாக்டர்?"

"உங்க போன்ல வர்றானே, அவன்."

முடிவை உடைத்துவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "நீங்க இத பாத்துட்டீங்களா?"

"இல்லம்மா. பல்லாவரத்துலேர்ந்து உங்க போன்லதான் பாத்துட்டு வரேன். கீழ எழுத்து ஓடுதே, அத படிச்சேன். அவன் மூஞ்சியே சரியில்ல."

அந்த வாரக் கடைசியில் தொடர் முடிந்தது. டாக்டர் நல்லவன். முன்பின் தெரியாத ஒரு சிறுமிக்குத் தன் சிறுநீரகத்தையே கொடுக்கிறான். திங்கட்கிழமை அவர் ஏறியதும் இதைச் சொன்னேன்.

"அப்ப நடிகன தப்பா போட்டுட்டாங்க" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கோடம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்குவார். குரோம்பேட்டைக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையில் அவரும் நானும் பார்த்ததைப் பற்றிப் பேசுவோம். பக்கத்தில் இருக்கை பிடித்துவைத்ததற்காகப் பலபேரிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அவருக்குக் கருத்துகள் நிறைய. கொரியத் தொடர்களில் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், அதனால் அவர்களை மன்னித்துவிடலாம் என்பார். இந்தித் தொடர்களில் போலீஸ்காரர்கள் சரியாகத் தூங்குவதே இல்லை, தூக்கமில்லாதவன் எப்படிக் கொலைகாரனைக் கண்டுபிடிப்பான் என்பார். தமிழில் எடுத்தவற்றுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பு அதிகம். "நம்ம பிள்ளைங்கன்னு விட்டா கெட்டுப் போயிடும்." எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். ஒருமுறை ஒரு துப்பறியும் தொடருக்கு ஆறு கொடுத்தார். அதைக் கண்டபடி திட்டிவிட்டு எதற்கு ஆறு என்று கேட்டேன்.

"ஸ்டெப்புக்கு மார்க் போட்டிருக்கேன். ஆன்சர்தான் தப்பு."

எனக்குப் பிடித்ததை அவருக்குச் சொல்வதற்கு முதலில் கூச்சமாக இருந்தது. நான் பார்ப்பதெல்லாம் அழுகைக் கதைகள். ஒரு பெண் ஊரை விட்டு வந்து சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்துகிற தொடர் ஒன்றைப் பாதிப் பயத்தோடு சொன்னேன். இரண்டு நாள் கழித்து வண்டியில் ஏறியவர் உட்காரக்கூட இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "அந்தக் கடைக்கு முத முத சாப்பிட வர்ற கிழவர் இருக்காரே, அவரு ஏன் உப்பு கேக்கறாரு தெரியுமா?" என்றார். நான் கவனிக்கவே இல்லை. அவர் விளக்கினார். மனைவி இருந்தவரை உப்பைக் கேட்டு வாங்க வேண்டிய தேவை அந்தக் கிழவருக்கு வந்திருக்காது, அதனால் இப்போது கேட்கும்போது குரல் இறங்குகிறது என்றார். வீட்டுக்குப் போய் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். குரல் இறங்கத்தான் செய்தது.

ஊக்கு, கிளிப், கைக்குட்டை விற்கிற ஒரு பெண் எங்கள் பெட்டியில் வருவாள். ஒருநாள் டீச்சரிடம் கிளிப் அட்டையை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாக்கா, அந்தப் பொண்ணு புருசன் வூட்டுக்குத் திரும்பப் போச்சா இல்லியா?"

"எந்தப் பொண்ணு?"

"அதான்க்கா, போன வாரம் ஃபுல்லா பேசிக்கினு வந்தீங்களே. மாமியாக்காரி நகைய புடுங்கிகினு தொரத்தி வுட்டுட்டாளே. பேஜாரா போச்சு எனக்கு."

"அது கதைம்மா. செல்லுல வர்றது."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கதையா? நான் வெள்ளிக்கெழம அம்மனுக்கு வெளக்கு போட்டனே அதுக்கோசரம்."

நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. "போட்டது நல்லதுதான். ரெண்டாவது பாகம் வரப்போகுது, அவளுக்கு இன்னும் கஷ்டம் இருக்கு" என்றார். அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துக் கதை சொல்வதாயிற்று. பரங்கிமலை வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும், அவள் பெட்டி மாறிவிடுவாள்.

டீச்சருடைய கணவர் இறந்துவிட்டார் என்பதைப் பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரே மகள், ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில். குரோம்பேட்டை வீட்டில் அவர் தனியாக இருந்தார். அவர் அதை வருத்தமாகச் சொன்னதில்லை. சாயங்காலம் ஆனால் யாரும் இல்லாத வீட்டில் தொடரை நிறுத்தி வைத்துவிட்டுக் காபி போடப் போக வேண்டியதில்லை, சத்தமாக ஓடவிட்டுக்கொண்டே போடலாம் என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஒரு மழைநாளில் வண்டி மீனம்பாக்கத்துக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் பார்த்ததிலேயே எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன். உடனே சொல்லிவிட்டார், யோசிக்கவில்லை. ஒரு துருக்கித் தொடர். துறைமுக ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிற மூன்று அண்ணன் தம்பிகளின் கதை.

"எத்தன மார்க்?"

"அதுக்கு மார்க் போடல. நீ பாரு. பாத்துட்டு சொல்லு."

நீளமான தொடர். நான் அதற்குள் போய்விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். விடியற்காலையில் மாவு பிசைகிற பெரியவன், கடலுக்குப் போக ஆசைப்படும் நடுவுள்ளவன், பொய் சொல்லிப் பொய் சொல்லியே வளர்ந்த கடைக்குட்டி. எதிரில் மருந்துக்கடை வைத்திருக்கிற பெண்ணைப் பெரியவன் ஒரு வார்த்தை பேசாமல் நேசிப்பான். தினமும் முதல் ரொட்டி அவள் கடைக்குப் போகும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட இவன் என்றைக்குத்தான் வாயைத் திறப்பானோ என்று கவலையாக இருக்கும். தினமும் டீச்சரிடம் எதுவரை வந்திருக்கிறேன் என்று சொல்வேன். அவர் கண் பளபளவென்று இருக்கும். "ஓ, அங்க இருக்கியா. இன்னிக்கு சாயங்காலம் பாரு, நல்லா இருக்கும்" என்பார். அவர் போய்வந்த ஊருக்கு நான் இப்போதுதான் போய்க்கொண்டிருக்கிற மாதிரி பேசுவார்.

கடைசி எபிசோடை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அதுவரை பார்த்துப் பார்த்துக் கட்டியதையெல்லாம் ஒரே மணி நேரத்தில் கலைத்துப் போட்டிருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு சித்தப்பா வந்து எல்லாப் பிரச்சினையையும் தீர்க்கிறார். பெரியவன் எந்தக் காரணமும் இல்லாமல் கப்பலேறிப் போய்விடுகிறான். பாதி நேரம் பழைய காட்சிகளையே திரும்ப ஓட்டினார்கள். மறுநாள் குரோம்பேட்டை வருவதற்குள் வாய்நிறையத் திட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் உட்கார்ந்தார். "முடிச்சிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

சட்டென்று கையைத் தூக்கித் தடுத்தார். "முடிவ மட்டும் சொல்லாத. நான் கடசி எபிசோடு பாக்கல."

பிறகுதான் சொன்னார். அந்தத் தொடரை அவரும் கணவரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். கணவர் கீழே ஓடும் எழுத்துகளைச் சத்தமாகப் படிப்பாராம். எனக்கும் படிக்கத் தெரியும், வாயை மூடிக்கிட்டுப் பாருங்க என்று இவர் தினமும் சொல்வாராம். கேட்கமாட்டார். கடைசி எபிசோடைப் பொங்கலுக்கு மகள் வரும்போது அவளோடு சேர்ந்து பார்க்கலாம் என்று அவர்தான் நிறுத்தி வைத்தார். பொங்கலுக்கு முன்னால் நெஞ்சுவலி. மகள் வந்தது வேறு காரியத்துக்கு.

"அப்புறம் போடவே தோணல" என்றார். "அவரு பெரியவன் மேல ரொம்ப நம்பிக்கை வெச்சிருந்தாரு. கட்டாயம் அந்த மருந்துக்கடைக்காரிய கட்டிப்பான்னு சொல்லிட்டே இருப்பாரு."

அன்றைக்கு மீதி வழி முழுக்க வேறு ஏதோ நகைச்சுவைத் தொடரைப் பற்றிப் பேசினோம். ஆனால் அதற்கப்புறம் அந்த முடிவு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு கோபமாக ஒரு கருத்தை வைத்துக்கொண்டு, சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் சொல்ல முடியாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சிலசமயம் அவரே அந்தத் தொடரின் பழைய காட்சி ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். முகத்தில் ஏதும் தெரிந்துவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தக் கல்வியாண்டோடு அவர் ஓய்வு பெற்றார். மகள் கர்ப்பமாக இருந்தாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மெல்போர்னுக்குப் போவதாக முடிவாயிற்று. வண்டியில் இதைச் சொன்னபோது, "பிரசவம் ஆனதும் வந்துடுவீங்க இல்ல?" என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். கணக்கு டீச்சர், எதையும் இத்தனை என்று சொல்கிறவர். அவர் வாயிலிருந்து பாக்கலாம் என்று வந்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் போன் செய்தார். "சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வர முடியுமா? அந்த எபிசோட பாத்துடலாம்னு இருக்கேன். தனியா பாக்க முடியாது. நீ பாத்ததுதான், இருந்தாலும் வா."

அவர் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். பக்கத்தில் விமானம் இறங்கும் சத்தத்துக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. பாத்திரங்கள் அட்டைப்பெட்டிகளில். சோபாவைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். சுவரில் டிவி மட்டும் மீதி. அதையும் மறுநாள் கழற்ற ஆள் வருவதாகச் சொன்னார். தரையில் பாய் விரித்து, இரண்டு டம்ளரில் காபி வைத்திருந்தார்.

நான் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். நன்றாக இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா? சொன்னால் பார்க்காமல் விட்டுவிடுவார். பார்க்காமல் இருப்பது அவருக்கு நல்லதா, பார்த்துவிடுவது நல்லதா, எனக்குத் தெரியவில்லை. அவர் ரிமோட்டை அழுத்திவிட்டார்.

ஆரம்பப் பாட்டு ஓடியது. பெரியவன் மாவு பிசைந்தான். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. டீச்சர் கீழே ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். முதலில் உதட்டளவில், பிறகு வகுப்பில் வாசிக்கிற குரலில், ஒரு வரி விடாமல். நான் கால்களை மடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா வந்தார். டீச்சர் படிப்பதை நிறுத்தினார். "யாரு இவன்?"

"சித்தப்பா."

"இத்தன நாள் எங்க இருந்தான்?"

"சொல்ல மாட்டாங்க."

பெரியவன் கப்பலேறினான். மருந்துக்கடைப் பெண் கரையில் நின்று கையசைத்தாள். பழைய காட்சிகள் ஓடின. பெயர்கள் மேலேறிப் போயின. அடுத்து என்ன பார்க்கலாம் என்று திரை எங்களைக் கேட்டது.

"அவ்ளோதானா?" என்றார் டீச்சர்.

"அவ்ளோதான்."

"உனக்கு முன்னாடியே தெரியுமே. ஏன் சொல்லல?"

"நீங்கதான் சொல்லாதன்னு சொன்னீங்க."

"எத்தன மார்க் போட்ட?"

"மூணு."

"அதிகம்" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சாமான் இல்லாத அறையில் எங்கள் சிரிப்பு பெரிதாகக் கேட்டது. "அவரு இருந்திருந்தா ரெண்டு நாளு சாப்பிட்டிருக்க மாட்டாரு. கம்பெனிக்கே மெயில் போட்டிருப்பாரு. இதுக்காம்மா நான் பயந்துகிட்டு இருந்தேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். இரண்டு டம்ளர் கழுவுவதற்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் குழாய் ஓடியது. நான் உள்ளே போகவில்லை.

வெளியே வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார். "பெரியவன் அவள கட்டிக்கலன்னு அவருக்குத் தெரியாமலே போச்சு. ஒரு வகையில நல்லதுதான்" என்றார். ஸ்டேஷன்வரை கூடவே நடந்து வந்தார். நடைமேடையில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வழக்கமாக அப்படிச் செய்கிறவர் இல்லை.

முதல் சில மாதம் தூரம் அவ்வளவாகத் தெரியவில்லை. நான் காலையில் வண்டியில் இருக்கிற நேரம் அங்கே மதியம். பிறந்த பேரன் பால் குடித்துத் தூங்குகிற நேரம். ஆகவே குரோம்பேட்டை தாண்டியதும் அவரிடமிருந்து குரல் செய்தி வரும். நான் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் பதில் பேசி அனுப்புவேன். ஆனால் நான் பார்ப்பதில் பாதி அங்கே கிடைக்கவில்லை. இந்த நாட்டில் இது இல்லை என்று திரையில் வருகிறதாம். அங்கே கிடைப்பது இங்கே இல்லை. "கதைய சொல்லு, பாத்த மாதிரி நெனச்சுக்கறேன்" என்பார். சொல்வேன். அந்தக் கிழவர் உப்புக் கேட்ட மாதிரி ஒன்றைக் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று கண்ணை விரித்துவைத்துக்கொண்டு பார்ப்பேன். எனக்கு அது வருவதில்லை. பார்க்காத கதையில் எதைக் கவனிப்பார், பாவம். "ம், நல்லா இருக்கும் போல" என்று மட்டும் பதில் வரும்.

பேரன் வளர்ந்து மதியத் தூக்கத்தை விட்டுவிட்டான். அதோடு காலைச் செய்திகள் நின்றன. இப்போதெல்லாம் வாரத்தில் ஒன்று வந்தால் உண்டு. பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருப்பான். பொம்மைப் படங்கள் தவிர வேறெதுவும் பார்க்க விடுவதில்லையாம். கிளிப் விற்கிற பெண் சில தடவை, "டீச்சரக்கா எப்போ வரும்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். கதை சொல்லச் சொன்னாள், சொன்னேன். "நீ சொன்னா சப்புனு கீதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே அப்படித்தான் இருந்தது.

வீட்டில் முயன்று பார்த்தேன். ஒரு மாலை நல்ல தொடர் ஒன்று முடிந்ததும் கணவரிடம் போய்க் கதையைச் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். கடைசியில், "நல்லா இருக்கே. அப்ப அவன் ஜெயிலுக்குப் போயிட்டானா?" என்றார். போய்விட்டான் என்றேன். தலையாட்டிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் அந்தத் தலையாட்டலுக்கு மேல் ஏதோ வேண்டியிருந்தது. அவன் ஜெயிலுக்குப் போகும்போது செருப்பை ஏன் வாசலில் நேராக வைத்துவிட்டுப் போகிறான் என்று யாராவது கேட்க வேண்டியிருந்தது.

போன மாதம் டீச்சரிடமிருந்து நீளமான குரல் செய்தி ஒன்று வந்தது. குரலில் பழைய வேகம். பேரனை விளையாட்டுப் பள்ளியில் விட ஆரம்பித்திருக்கிறார்கள். அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு டிராம் வண்டியில் திரும்பும்போது ஒரு தமிழ்ப் பெண் பக்கத்தில் உட்காருகிறாளாம். அவளும் தொடர் பார்க்கிறவள். தினமும் பேசிக்கொண்டு வருகிறார்களாம். "அந்தச் சாப்பாட்டுக்கடை கதை, நீ எனக்கு சொன்னியே, அது இங்கயும் வருது. அவளுக்கு சொன்னேன். ரொம்ப மெதுவா போகுதுன்னு பாதியில நிறுத்திட்டா. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லியிருக்கேன்."

சைதாப்பேட்டையில் நின்றுகொண்டிருந்த வண்டியில் அதை இரண்டாம் முறையும் கேட்டேன். அவருக்குப் பேச ஆள் கிடைத்தது எனக்குச் சந்தோஷம்தான். தனியாக அவர் அந்த ஊரில் எப்படி இருக்கிறாரோ என்று கவலைப்பட்டவள்தானே நான். ஆனால் அந்தப் பெண் பாதியில் நிறுத்திவிட்டாள் என்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷமாக இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அவள் முகத்தைக் கற்பனை செய்ய முயன்றேன், வரவில்லை. அவள் உட்கார்ந்திருக்கிற இடம் மட்டும் தெளிவாக வந்தது.

பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஏதேதோ தட்டச்சு செய்து அழித்துவிட்டு, கடைசியில், 'அவங்களுக்கு எந்த ஊர்?' என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் திரும்பி வரும்போது பதில் இருந்தது. அவர் குரல்தான், பின்னால் டிராம் மணிச் சத்தம்.

"செங்கல்பட்டு பக்கமாம்மா. நம்ம லைன்தான்."

கூட்டத்தில் நின்றபடி இன்னொரு தடவை அதைப் போட்டுக் கேட்டேன். கிண்டியில் ஏறியவர்கள் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.